இருவர் இருவராய்



பதினெட்டு வயது நிரம்பிய ஒரு பையன். பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. கல்லூரியில் இடம் காத்திருக்கிறது. ஒருவேளை ஒரு பெண்ணும் காத்திருக்கிறாள். அவ்வேளையில் அவன் பெயருக்கு ஒரு மடல் வருகிறது. முன்னாளில் தபால் உறையில் வந்தது, இந்நாளில் கணினித் திரையில் வருகிறது. தாய் தந்தையரும் தம்பி தங்கையரும் சூழ்ந்து நிற்க, அவன் அதைப் படிக்கிறான். எந்த நாட்டுக்குச் செல்ல வேண்டும், எந்த மொழியைக் கற்க வேண்டும் என்பது அந்தக் கணம் வரை அவனுக்குத் தெரியாது. எனக்கு இந்த இடம் வேண்டும் என்று கேட்கும் வழக்கமும் இல்லை. பெருவாக இருக்கலாம், ஜப்பானாக இருக்கலாம், அடுத்த மாநிலமாகவும் இருக்கலாம். வாசித்ததும் தாய் அழுவாள். பையன் புறப்படுவான், இரண்டாண்டுகளுக்குப் பின்னரே வீட்டு வாயிலைக் காண்பான்.

மோர்மோன்கள் என்று உலகம் அழைக்கும் சபையாரின் இளம் வேதபோதகர்களைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறேன். தங்கள் சபையின் முழுப் பெயரையே வழங்க வேண்டும் என்று அவர்களுடைய தலைவர் 2018இல் கேட்டுக்கொண்டார். 'பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது அப்பெயர். அது நீளமாக இருப்பதால், அவர்கள் மனம் நோகாதென்ற நம்பிக்கையுடன் பழைய பெயரையே இங்குப் பெரிதும் வழங்குகிறேன்.

அவர்களுடைய வரலாற்றைச் சில வரிகளில் கூறிவிடலாம். ஜோசப் ஸ்மித் என்னும் இளைஞர் 1830இல் நியூயார்க் மாநிலத்தில் இச்சபையை நிறுவினார். வானதூதர் ஒருவர் காட்டிய பொன் தகடுகளிலிருந்து தாம் மொழிபெயர்த்ததாகக் கூறி, மோர்மோன் நூலை அதே ஆண்டில் அச்சிட்டார். 1844இல் இல்லினாய் மாநிலத்தில், சிறையில் இருந்தபோது, கும்பலொன்று அவரைச் சுட்டுக் கொன்றது. அடியார்கள் 1847இல் பாலைவெளியைக் கடந்து உப்பேரிக் கரையில் குடியேறினர். இன்றைய சால்ட் லேக் நகரம் அவ்வாறு எழுந்தது. பலதார மணம் இவர்களிடம் இருந்தது உண்மையே; 1890இல் அதனைக் கைவிடுவதாகச் சபைத் தலைமை அறிவித்தது. ஆயினும் இன்றுவரை இந்தப் பையன்கள் தட்டும் கதவுகளில் பாதியில், 'உனக்கு எத்தனை அன்னையர்?' என்ற கேலிதான் முதலில் வெளியே வருகிறதாம்!

ஆடவர் 24 மாதமும் பெண்டிர் 18 மாதமும் பணியாற்றுகின்றனர். புறப்படும் வயது ஆடவருக்கு 19இலிருந்து 18 ஆகவும், பெண்டிருக்கு 21இலிருந்து 19 ஆகவும் 2012இல் குறைக்கப்பட்டது. அதன்பின் இளம் பெண்கள் பெருந்தொகையினராகப் புறப்படத் தொடங்கினர். 2024ஆம் ஆண்டு முடிவில் இவ்வாறு ஊழியம் புரிந்தோர் எழுபதாயிரத்திற்கு மேற்பட்டோர். இவர்கள் ஊதியம் பெறுவதில்லை. தம் செலவைத் தாமே தர வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து செல்வோர் மாதந்தோறும் 400 டாலர் கட்டி வந்தனர். 2020இல் அது 500 ஆயிற்று. 1991க்கு முன்னர் அவரவர் இருக்கும் ஊரின் செலவை அவரவரே ஏற்க வேண்டியிருந்தது. டோக்கியோவுக்கு அனுப்பப்பட்டவனின் தந்தை திணறுவார். செலவு குறைந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டவனின் தந்தை மூச்சு விடுவார். இப்பொழுது எல்லாருக்கும் ஒரே தொகைதான். பல பையன்கள் சிறு வயதிலிருந்தே இதற்கென உண்டியலில் காசு சேர்க்கின்றனர்.

அவர்களுடைய நாளைப் பார்ப்போம். காலை ஆறரைக்கு எழ வேண்டும். சிறிது உடற்பயிற்சி, குளியல், காலை உணவு. பின்னர் தனியே மறைநூல் படிப்பு. அதன்பின் கூட்டாளியுடன் சேர்ந்து படிப்பு. வேற்று மொழி நாடாயின் மொழிப் பயிற்சியும் உண்டு. பத்து மணியளவில் வெளியே சென்றால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் அறைக்குத் திரும்புதல். பத்தரைக்கு விளக்கு அணைய வேண்டும். நாட்டுக்கு நாடு இதனைச் சற்றே மாற்றிக்கொள்ள 2017இல் இடமளித்தனர். எனினும் நாளின் சட்டகம் ஏறத்தாழ இதுதான். குருமட மணியோசையில் வளர்ந்த எனக்கு இந்த அட்டவணை அந்நியமாகத் தோன்றவில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. எங்களுக்கு அதிபரும் ஆன்ம குருவும் நூறு தோழர்களும் சுற்றிலும் இருந்தார்கள். இவர்களுக்கோ ஒரு வாடகை அறையும், முன்பின் அறியாத ஒரே ஒரு கூட்டாளியும்தான்.

அந்தக் கூட்டாளி முறையே இவர்களுடைய வாழ்வின் அச்சாணி. நம் ஆண்டவர் சீடரை இருவர் இருவராக அனுப்பினார் என்று மாற்கு எழுதியிருப்பதை இவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டுவிட்டனர். ஒருவர் மற்றவரின் கண்ணுக்கும் செவிக்கும் எட்டாத தொலைவுக்குச் செல்லலாகாது. கடைக்கும் இருவர், மருத்துவரிடத்திலும் இருவர். பழைய குருமட ஒழுங்கில் இருவர் மட்டும் தனித்து உலாவினால் அதிபரின் புருவம் உயரும், மூவராகவே நடக்க வேண்டும் என்று மூத்த குருக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கோ இருவர் என்பதே சட்டம்! கூட்டாளியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் இல்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை வரும் மாற்றல் ஆணை சில வேளை கூட்டாளியை மாற்றும். சில வேளை ஊரையே மாற்றும். இடாகோ மாநிலத்து உழவர் மகனும் பிரேசில் நாட்டுப் பட்டணத்துப் பையனும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே மேசையில் செபித்து, ஒருவன் குறட்டையை மற்றவன் பொறுத்து வாழ வேண்டும். சச்சரவு வராமல் இருக்குமா? வாரம் ஒரு முறை இருவரும் எதிரெதிரே அமர்ந்து, தமக்குள் உள்ள மனத்தாங்கல்களை வாய்விட்டுப் பேசித் தீர்க்க வேண்டும் என்றும் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். திருமணமாகிப் பத்தாண்டு கடந்த தம்பதியர் பலர் ஒருமுறையேனும் இப்படி அமர்ந்திருப்பார்களா என்பது ஐயமே.

வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள். துணி துவைத்தல், கடைக்குப் போதல், முடி வெட்டிக்கொள்ளுதல், வீட்டுக்குக் கடிதம் எழுதுதல் எல்லாம் அன்றைக்குத்தான். தொலைபேசியில் வீட்டாரோடு பேசுவது நெடுங்காலம் ஆண்டுக்கு இரண்டே முறை: கிறிஸ்து பிறப்பு விழாவிலும் அன்னையர் நாளிலும். வாரந்தோறும் பேசலாம் என்று 2019 பிப்ரவரியில் தளர்த்தினர். பழைய தலைமுறையினர் சிலர் இத்தளர்வைக் கண்டு முகம் சுளித்திருக்கலாம். அன்னையர் எவரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள். காதல் பேச்சுக்கு அந்த இரண்டாண்டில் இடமில்லை. மதுவும் புகையிலையும் காப்பியும் தேயிலையும் அவர்கள் சபையில் விலக்கானவை. மாதத்தின் முதல் ஞாயிறன்று இருவேளை உணவைத் துறந்து, அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

இனி ஓர் உண்மை வாழ்க்கையைப் பார்ப்போம். பின்னாளில் மாசச்சூசெட்ஸ் மாநில ஆளுநராகவும், 2012இல் அமெரிக்க அதிபர் தேர்தலின் வேட்பாளராகவும், 2019 முதல் 2025 வரை யூட்டா மாநிலத்தின் செனட்டராகவும் இருந்த மிட் ராம்னி, 1966இல் பத்தொன்பது வயதில் பிரான்சு நாட்டுக்கு அனுப்பப்பட்டார். தந்தை ஜார்ஜ் ராம்னி அப்போது மிச்சிகன் மாநிலத்தின் ஆளுநர். அதற்கு முன் கார் உற்பத்தி நிறுவனமொன்றின் தலைவர். அத்தந்தையும் தம் இளமையில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இதே ஊழியம் செய்தவர்தான். அந்நாட்களில் வேற்று மொழி நாட்டுக்குச் செல்வோர் இரண்டரை ஆண்டுகள் தங்க வேண்டியிருந்தது.

முதலில் சென்ற ஊர் லெ ஆவ்ர் துறைமுகம். இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமாகிக் கான்கிரீட்டில் மீண்டும் எழுந்த நகரம் அது. அடுக்குமாடிக் கட்டடங்களில் மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்ட வேண்டும். பாடங்களையோ 1961இல் வகுத்த திட்டப்படி மனப்பாடமாக, அதுவும் பிரெஞ்சு மொழியில், ஒப்புவிக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். நாடோ நம் திருச்சபையின் தலைமகள் என்று பெயர் பெற்றது. ஆயினும் கோவிலுக்குச் செல்வோர் குறைந்துகொண்டு வந்த காலம். வீட்டில் ஒருவன் கத்தோலிக்கன், மற்றவன் நாத்திகன். இருவருக்கும் திராட்சை மது இன்றி உணவில்லை. இவர் அடுத்துச் சென்ற ஊர்களுள் ஒன்று, மதுவுக்கே பெயர்போன போர்தோ! அங்குப் போய், 'மதுவை விட்டுவிடுங்கள்' என்று தொடங்கினால் என்ன நடக்கும்? போதாக்குறைக்கு வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க உச்சரிப்பைக் கேட்டாலே பல கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன. மாதக் கணக்கில் உழைத்தும் மனம் மாறியவர் மிகச் சிலரே.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் வியட்நாம் போருக்கு அழைக்கப்பட்டுக்கொண்டிருந்தனர். மறைபணியாளர் என்ற முறையில் ராம்னி போன்றோருக்குப் படைச் சேவையிலிருந்து தவணை கிடைத்தது. பின்னாளில் அரசியல் மேடைகளில் இது அவரைக் குத்திக் காட்டப் பயன்பட்டது. குளிர்ந்த மாடிப்படிகளில் ஏறி இறங்குவது கடினந்தான். எனினும் அது போர்க்களம் அன்று.

1968 மே மாதத்தில் மாணவர் கிளர்ச்சியும் தொழிலாளர் வேலைநிறுத்தமும் பிரான்சையே முடக்கின. தபால் நின்றது, பெட்ரோல் கிடைக்கவில்லை, வீட்டிலிருந்து வர வேண்டிய பணமும் கடிதமும் வரவில்லை. அது தணிந்துகொண்டிருக்கையில், ஜூன் 16ஆம் நாள், தென்மேற்குப் பகுதியில் பாசாஸ் என்னும் ஊரருகே பெரும் விபத்து நேர்ந்தது. ராம்னி ஓட்டிச் சென்ற காரில் அவருடன் சேர்த்து ஆறு பேர் இருந்தனர். எதிரே வந்த கார் நேருக்கு நேர் மோதிற்று. அந்நாட்டுப் பணிக்குப் பொறுப்பாயிருந்த தலைவரின் துணைவியார் உயிரிழந்தார், தலைவர் படுகாயமுற்றார். நினைவிழந்து கிடந்த ராம்னி இறந்துவிட்டார் என்றே எண்ணிய காவலர், அவருடைய கடவுச்சீட்டில் 'இறந்துவிட்டார்' என்று எழுதியும் விட்டார்! பல்லாயிரம் மைல் தொலைவிலிருந்த பெற்றோர் மகன் உயிரோடிருக்கிறான் என்ற உறுதி கிடைக்கும்வரை எப்படித் தவித்திருப்பார்கள் என்பதைப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தலைவர் தாயகம் திரும்பவே, குணமடைந்த அந்த 21 வயது இளைஞரும் தோழர் ஒருவரும் பாரீசிலிருந்து ஏனைய வேதபோதகர்களை வழிநடத்த வேண்டியதாயிற்று. சோர்ந்து கிடந்தவர்களுக்கு ஊக்கமூட்டி, ஆண்டு இறுதிக்கு ஓர் இலக்கையும் வகுத்துக்கொண்டு உழைத்தார்கள். பாரீசில் தலைமை இல்லமாயிருந்தது வசதியான கட்டடந்தான். கடைசி மாதங்கள் துன்பமே உருவானவை என்று சொல்லுவது மிகை. ஆயினும் 21 வயதில் துக்கத்தையும் பொறுப்பையும் ஒருங்கே சுமப்பது எளிதன்று. பிரான்சில் கழித்த அந்த ஆண்டுகளே தம் விசுவாசத்தைத் தமக்கே உரியதாக்கின என்ற கருத்தில் அவர் பின்னாளில் பேசியிருக்கிறார்.

இந்தக் கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. குடும்பங்களுக்கான ஏடாதலால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் விரும்பிய ஆன் டேவிஸ் என்னும் பெண் அச்சபையைச் சேர்ந்தவள் அல்லள். அவளுடைய தந்தைக்கோ எந்தச் சமயத்திலும் பற்றில்லை. ராம்னி பிரான்சில் இருந்த நாட்களிலேயே ஆன் அச்சபையில் சேர்ந்தாள். 1969 மார்ச்சில் திருமணம். முதல் நாள் பெண் வீட்டில் ஒரு சடங்கு. மறுநாள் சால்ட் லேக் ஆலயத்தினுள் முத்திரைச் சடங்கு. சபையின் உறுப்பினரல்லாதார் ஆலயத்தினுள் நுழையக் கூடாது என்பது விதி. ஆகவே பெண்ணைப் பெற்றவர்களுக்கு இரண்டாம் சடங்கில் இடமில்லை. மதம் மாறிய வீடுகளில் இத்தகைய மூடிய கதவு ஏதேனும் ஒரு வடிவில் இருந்தே தீருகிறது. அதன் வலியை நம் பங்கிலும் கண்டிருக்கிறேன், இருபுறமும் கண்டிருக்கிறேன்.

நிற்க. 'சுவாமி, அவர்களும் இயேசு என்றுதானே சொல்கிறார்கள்? நமக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு?' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஒரே கடவுள் என்று நாம் விசுவசிக்கிறோம். அவர்களோ, மூவரும் நோக்கத்தில் ஒன்றுபட்ட மூன்று தனித்தனி ஆள்கள் என்கிறார்கள். திருமுழுக்கில் நாம் சொல்லும் மூன்று பெயர்களையே அவர்களும் சொல்லி நீரில் முழுக்குகிறார்கள். ஆனால் பெயர்களின் பொருள் வேறு. எனவேதான் அவர்கள் அளிக்கும் திருமுழுக்குச் செல்லாது என்று உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2001இல் தீர்ப்பளித்தது. பிரிந்த பிற சகோதர சபைகள் பலவற்றின் திருமுழுக்கை நாம் ஏற்கும்போது இதனை ஏற்காததற்குக் காரணம் பகைமை அன்று. இறந்துபோன முன்னோருக்காக உயிரோடிருப்பவர் முழுக்குப் பெறும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. அதற்கெனவே உலகெங்கும் வம்சாவளி ஏடுகளைப் படமெடுத்துச் சேர்க்கின்றனர். பங்கு ஏடுகளை அப்பணிக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2008இல் உரோமையிலிருந்து ஆயர்களுக்கு மடல் வந்தது. நம் பங்கின் பழைய திருமுழுக்கு ஏட்டைப் பூச்சியிடமிருந்து காப்பதே எனக்குப் பெரும்பாடு; அதற்கு இப்படியொரு காவலும் வேண்டியிருக்கிறது!

அதே வேளையில், 2019 மார்ச் 9ஆம் நாள் அச்சபையின் அன்றைய தலைவர் ரஸ்ஸல் நெல்சனை, அன்று திருத்தந்தையாயிருந்த பிரான்சிஸ் வத்திக்கானில் வரவேற்று உரையாடினார். அத்தகைய சந்திப்பு அதற்கு முன் நிகழ்ந்ததில்லை. மறுநாள் உரோமையிலேயே அவர்களுடைய ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. கொள்கையில் விட்டுக்கொடாமலே மரியாதை காட்ட முடியும் என்பதை அங்கே கண்டோம்.

குறைகளும் உண்டு. கறுப்பினத்தாருக்குக் குருத்துவம் அளிப்பதற்கு இருந்த தடையை அவர்கள் நீக்கியதே 1978இல்தான். மேலும், உடல் நலிந்தோ மனம் நலிந்தோ இரண்டாண்டு முடியுமுன் வீடு திரும்பும் பிள்ளைகளின் நிலை எனக்குப் பெருங்கவலை தருகிறது. ஊரே வழியனுப்பிய பையன் ஆறாம் மாதத்தில் திரும்பி வந்தால், ஞாயிறன்று கோவில் வாயிலில் எல்லாருடைய கண்ணும் அவன்மீதுதான். 'ஏன் வந்துவிட்டாய்?' என்று ஒருவரும் கேட்காவிட்டாலும் கேட்டதுபோலவே அவனுக்கு இருக்கும். குருமடத்திலிருந்து திரும்பும் நம் பிள்ளைகளை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதையும் இதனோடு வைத்துப் பாருங்கள்.

ஆபத்துக்கும் அவர்கள் விலக்கல்லர். 2016 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்தபோது, ஊழியத்தில் இருந்த அமெரிக்கர் மூவர் அங்கிருந்தனர். இருவர் இருபதை ஒட்டிய வயதினர். ஒருவர் அறுபதைக் கடந்தவர். தம்மைப் போல ஊழியத்துக்குப் புறப்பட்ட பிரெஞ்சுப் பெண் ஒருத்தியை வழியனுப்ப வந்திருந்தார்கள். நால்வரும் காயமுற்றனர், நால்வரும் உயிர் பிழைத்தனர்.

நம் பிள்ளைகளை நினைக்கையில் என் மனம் சங்கடப்படுகிறது. உறுதிபூசுதல் பெற்ற மறு மாதமே மறைக்கல்வி வகுப்பில் முகம் காட்டாத பையன்கள் எத்தனை பேர்! அவர்களைக் குறை கூறவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் பெரிதாக ஒன்றைக் கேட்கத் துணிந்த சபைக்கு அதைக் கொடுக்க ஆயிரமாயிரம் பேர் முன்வருகின்றனர். நாம் கேட்டோமா? இரண்டாண்டு வேண்டாம்; கோடை விடுமுறையில் இரண்டு வாரம், முதியோர் இல்லத்திலோ மலைப் பங்கிலோ உதவி செய்ய அனுப்பக் கேட்டால், 'தேர்வுப் பயிற்சி இருக்கிறது, சுவாமி' என்று முதலில் சொல்வது பிள்ளை அல்ல, பெற்றோர்தாம். இதைப் பற்றி வரும் மாதம் நம் பங்கு அவையில் பேச இருக்கிறேன். மனமுள்ள பெற்றோர் அன்று வருக.

கடைசியாக ஒன்று. பெங்களூரை மையமாகக் கொண்டு 1993 முதல் அவர்களுடைய பணி மண்டலம் இயங்கி வருகிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அவர்களுடைய வழிபாட்டுக் கூட்டங்கள் உள்ளன. வெளிநாட்டில் வாழும் உங்கள் மக்களும் அவர்களைச் சந்திக்கக்கூடும். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, மார்பில் கறுப்புப் பெயர்த்தகடு அணிந்த இருவர் வாயிலில் நின்றால் கதவை அறைய வேண்டாம். 'நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் விசுவாசத்தில் உறுதியாக இருக்கிறோம்' என்று நேராகச் சொல்லுங்கள். அவர்கள் தரும் நூலை வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாதத்தில் வெல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெயிலில் வந்த பிள்ளைகள், உட்காரச் சொல்லுங்கள். காப்பியும் தேநீரும் குடிக்க மாட்டார்கள். மோர் இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு செம்பு தண்ணீர். எந்த ஊர், அம்மா நலமா என்றும் கேளுங்கள்.